பாதிக் கோர்ட், முழு ஆட்டம்

நீலகிரியில் வெலிங்டன் பாரக்ஸ் பக்கம் விடியற்காலையில் நடந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். மூடுபனிக்குள் ஆள் தெரியாது. பூட்ஸ் சத்தம் மட்டும் ஒரே தாளத்தில் நெருங்கி வரும். பிறகு 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று பல தொண்டைகள் சேர்ந்து எழுப்பும் முழக்கம். 1758-ஐத் தன் தொடக்கமாகக் கொண்டாடும் மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் 1947 முதல் இந்த மலையில்தான் இருக்கிறது. அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜும் அதே ஆண்டில்தான் இங்கே வந்தது. குன்னூர், அருவங்காடு, ஜெகதளா என்று சுற்றியுள்ள ஊர்களில் பச்சைச் சீருடை காயாத கொடிக்கயிறு குறைவு. பிள்ளைகள் போவதை ஊரே நின்று வழியனுப்புகிறது. திரும்பி வந்தவர்கள் வீட்டுக்குள் எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

என் சித்தப்பா அந்த மூடுபனிக்குள் ஓடியவர்களில் ஒருவர். எல்லையில் கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, போர்டு அவுட் ஆகி, அதாவது உடல் தகுதி இல்லை என்று மருத்துவக் குழு விடுவிக்க, 34 வயதில் வீடு வந்தார். அருவங்காட்டில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே காம்பவுண்டு. செயற்கைக் கால் கிடைத்தது, பென்ஷன் வந்தது, ராணுவக் கேண்டீன் கார்டு இருந்தது. ஆனாலும் இரண்டு வருஷம் அவர் இடம் ஜன்னலோரம்தான். சித்தியோடு பேச்சு மாத்திரை, தண்ணீர், கரண்ட் பில்லோடு முடிந்துவிடும். மகளிடம் 'சாப்பிட்டியா' என்பார். 'சாப்பிட்டேம்பா' என்பாள். அவ்வளவுதான்.

ஒரு நாள் அவள் சுவரில் அடித்துப் பழகிக்கொண்டிருந்த ஷட்டில் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர் அதைக் கொடுக்கவில்லை. "ராக்கெட்ட இப்படியா பிடிக்கறது, தோசைக் கரண்டி மாதிரி?" என்றார். பிளாஸ்டிக் சேரை முற்றத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கையைத் திருப்பிப் பிடியைச் சரிசெய்தார். யூனிட்டில் ஆடியவர் என்று எங்களுக்கு அன்றுதான் தெரியும். இருட்டும் வரை அந்தச் சேரை விட்டு எழுந்திருக்கவில்லை. சித்தி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல்.

அன்று மாலை என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளத்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததிலும் பார்த்ததிலும் எனக்குத் திரும்பத் திரும்பப் பட்டது ஒன்று. காயம்பட்டவரை ஆடவிட்டு வீட்டாரை வேடிக்கை பார்க்க வைத்தால் பாதிப் பலன்தான். வீட்டார் வலைக்கு எதிர்ப்பக்கம் நின்று ஆட வேண்டும். மற்ற பல விளையாட்டுகளைவிட ஷட்டில் என்று நாம் சொல்லும் பாட்மிண்டன் அதற்கு அதிகம் இடம் கொடுக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்களைப் பற்றி ஒரு கணக்கு. முன்னாள் படைவீரர் என்றதும் நரைத்த மீசையும் மெடல் குத்திய கோட்டும்தான் மனதில் வருகின்றன. சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டு பணி முடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். 19 வயதில் சேர்ந்தவர் 40-ஐத் தொடுவதற்கு முன்பே வீட்டோடு வந்துவிடக்கூடும். காயத்தால் வெளியேறுகிறவர் அதற்கும் முன்னால். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் பணிக்காலமே 4 ஆண்டுதான். அதில் நாலில் ஒருவரைத்தான் படை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும். ஆக, நாம் பேசிக்கொண்டிருப்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் அப்பாக்களைப் பற்றி. அவர்களுக்கு முன்னால் இன்னும் முப்பது நாற்பது வருஷ வாழ்க்கை இருக்கிறது.

அந்த வீட்டின் மறுபக்கமும் உண்டு. லீவுக்கு வந்து போகும் மனிதரோடுதான் பெரும்பாலான மனைவிகள் பத்துப் பதினைந்து வருஷம் குடித்தனம் செய்திருக்கிறார்கள். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், மாமியார் மருந்து எல்லாம் அவர்கள் கையில் ஓடிய வண்டி. திடீரென்று ஒருவர் நிரந்தரமாக வந்து உட்காருகிறார், அதுவும் வலியோடு, தூக்கமில்லாமல், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டுக்கொண்டு. போரையும் வெடிவிபத்தையும் பார்த்தவர்களுக்கு வரும் இந்த மன உளைச்சலை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ல்தான் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் அத்தனை பேர் தவித்த பிறகு. நம் ஊரில் அதற்கு இன்னும் 'அவரு அப்படித்தான், கோபக்காரர்' என்றுதான் பெயர். கேண்டீன் மது பாட்டிலில் அதை மூழ்கடிக்கப் பார்த்த வீடுகளை எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு மெதுவாகக் கதவைச் சாத்தக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். ஷட்டில் கண்டோன்மென்ட்டில், அதாவது படைக் குடியிருப்பில், வளர்ந்த பிள்ளை. 1870-களில் புனேயில் இருந்த பிரிட்டிஷ் படைக் குடும்பங்கள் ஆடிய ஆட்டத்துக்கு அங்கேயே விதிகள் எழுதப்பட்டன. 'பூனா' என்பதே ஆட்டத்தின் பெயராக இருந்த காலம் உண்டு. ஓய்வு பெற்றுக் கப்பலேறிய அதிகாரிகள் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். தஞ்சாவூரில் கம்பளி நூல் பந்தை வைத்து ஆடப்பட்ட பூப்பந்து இதற்குப் பக்கத்து வீட்டு உறவு. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே கோர்ட்டில் நிற்பது இந்த ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே இயல்பாக இருந்திருக்கிறது.

கால் இழந்த நம் ஊர்ச் சிப்பாய்களுக்கும் புனே தெரிந்த ஊர். படையின் செயற்கை உறுப்பு மையம் 1944 முதல் அங்கே இருக்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974-ல் அங்கேயே கட்கியில் தொடங்கியது. சித்தப்பா கால் வாங்கி வந்ததும் புனேயிலிருந்துதான். ஆட்டத்துக்கு விதி எழுதிய ஊரிலிருந்து ஆடக் காலும் வந்தது என்று பின்னாளில் அவரே சொல்லி மகிழ்ந்திருக்கிறார்.

விளையாட்டை மருந்தாக்கும் யோசனையே படைவீரர்களிடமிருந்து வந்ததுதான். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயப் பிரிவை ஏற்றார் லுட்விக் கட்மன். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த மருத்துவர். அந்தக் காலத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த வீரர் என்றால் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சீக்கிரம் இறந்துவிடுவார் என்று வைத்தியமே கைவிட்டிருந்தது. கட்மன் அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தார், உட்கார வைத்தார், பிறகு கையில் வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், காயம்பட்ட 16 படையினர் ஆண்களும் பெண்களுமாக அந்த மருத்துவமனைப் புல்வெளியில் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். இன்றைய பாராலிம்பிக் அங்கிருந்து வளர்ந்தது.

நம் நாட்டுக்கும் அப்படி ஒரு தொடக்கம் உண்டு. 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பெட்கர் படையில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். காயத்துக்குப் பிறகு நீச்சலுக்கு மாறினார். 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அதுதான். 2024 பாரிஸில் குண்டு எறிதலில் வெண்கலம் வென்ற ஹொகாடோ செமாவும் படைவீரர்தான். 2002-ல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கண்ணிவெடியில் காலை இழந்தவர்.

பாராலிம்பிக்கில் பாட்மிண்டன் சேர்ந்தது டோக்கியோவில், 2021-ல். சேர்ந்த முதல் முறையே பிரமோத் பகத்தும் கிருஷ்ணா நாகரும் தங்கம் கொண்டுவந்தார்கள். பாரிஸில் நிதேஷ் குமார் தங்கம் வென்றார். கடற்படை வீட்டுப் பிள்ளை, 2009-ல் ரயில் விபத்தில் காலை இழந்தவர். அதே பாரிஸில் காஞ்சிபுரத்து துளசிமதி முருகேசன் வெள்ளியும், திருவள்ளூர் மனிஷா ராமதாஸும் ஓசூர் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வென்றதைத் தமிழ்நாடே கொண்டாடியது. மகிழ்ச்சிதான். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு மெடல் வெகு தூரத்தில் இருக்கிறது. அவருக்கு வேண்டியது அந்தப் போட்டிகளின் விதிப்புத்தகம்தான். அதில் இருக்கும் அறிவை வீட்டு முற்றத்துக்கு இறக்கிக்கொள்ளலாம்.

அந்த விதிகள் உடலை வகை பிரிக்கின்றன. சக்கர நாற்காலியில் ஆடுகிறவர்கள் டபிள்யூ.ஹெச். 1, 2. நின்று ஆடும் கால் பாதிப்பு உள்ளவர்கள் எஸ்.எல். 3, 4. கையில் பாதிப்பு உள்ளவர்கள் எஸ்.யூ. 5. உயரம் குறைந்தவர்கள் எஸ்.ஹெச். 6. வலையின் உயரம் எல்லாருக்கும் ஒன்றுதான், நடுவில் 1.524 மீட்டர். ராக்கெட், ஷட்டில், 21 புள்ளி எல்லாம் அதே. மாறுவது தரை. சக்கர நாற்காலி ஒற்றையர் ஆட்டத்திலும் எஸ்.எல். 3 ஒற்றையர் ஆட்டத்திலும் கோர்ட்டின் அகலத்தில் பாதிதான் கணக்கு. சக்கர நாற்காலி ஆட்டத்தில் வலைக்கும் 1.98 மீட்டர் தள்ளியிருக்கும் முன் கோட்டுக்கும் இடையே விழுந்தால் அவுட். குனிந்து எடுக்க முடியாத ஷட்டிலைப் போட்டு ஒருவரை வீழ்த்த முடியாது. அடிக்கும் நொடியில் உடல் நாற்காலி இருக்கையைத் தொட்டிருக்க வேண்டும், எம்பி எழக் கூடாது.

இதை வைத்து யோசித்துப் பாருங்கள். நாற்காலியில் இருக்கும் அப்பா பாதிக் கோர்ட்டைக் காக்கிறார். எதிரே நிற்கும் பதினாலு வயது மகள் முழுக் கோர்ட்டையும் காக்கிறாள். அவர் எங்கும் அடிக்கலாம், அவள் பாதிக்குள்தான் அடிக்க வேண்டும். இப்போது யார் ஜெயிப்பார் என்று சொல்லிவிட முடியாது. மகள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எதிராளி விட்டுக்கொடுப்பது படையில் இருந்தவருக்கு உடனே தெரிந்துவிடும், அதைப் போல அவரைப் புண்படுத்துவது வேறில்லை. பரிதாபம் இல்லாமல் தோற்கவும் ஜெயிக்கவும் முடிகிற ஓர் இடம் அவருக்குக் கிடைக்கிறது. தகவமைத்த விளையாட்டு என்று சொல்வதன் சாரம் எனக்கு இதுதான்: ஆளைத் திருத்தப் பார்க்காமல் கோட்டை மாற்றி வரைவது.

ஷட்டிலின் குணமும் துணைக்கு வருகிறது. 16 இறகு, ஐந்து கிராம் எடை. பலமாக அடித்தால் மட்டையை விட்டுக் கிளம்பும்போது அதைப் போல வேகம் வேறெந்த மட்டை விளையாட்டிலும் இல்லை. 2023-ல் சாத்விக் சாய்ராஜ் அடித்த ஓர் அடி மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் பதிவானது. ஆனால் காற்று அதை உடனே பிடித்து இழுக்கிறது. மெல்லத் தட்டினால் மிதந்து வந்து கைக்கு நேரம் கொடுக்கும். அறுபது வயது அம்மாவும் ஆறு வயதுப் பிள்ளையும் ஒரே ஆட்டத்தில் நிற்க முடிவது அதனால்தான். பந்து போல உருண்டு சாலைக்கு ஓடாது, மெல்ல வந்து மேலே பட்டால் வலிக்காது, யாரும் யாரையும் இடித்துக்கொள்வதில்லை.

வலை இருப்பதும் நல்லது. மனம் அடிபட்டு வந்தவர்களில் பலருக்கு நெருக்கமே சுமை. யாராவது பின்னால் வந்து தோளைத் தொட்டால் உடல் விறைக்கும். ஷட்டிலில் எதிராளி எப்போதும் கண் முன்னால், ஒரு வலைக்கு அப்பால். நெருங்கிப் பேச வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டும். மாதக்கணக்கில் கண்ணைப் பார்க்காத கணவனும் மனைவியும் இருபது நிமிஷம் மாறி மாறிக் கவனித்துக்கொள்கிறார்கள். ஸ்கோர் சொல்லவாவது வாய் திறக்க வேண்டும். என் சித்தி ஆட இறங்கியது மூன்றாவது வாரம். புடவையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். முதல் சண்டை 'அது லைன்ல விழுந்துச்சு', 'இல்ல, வெளிய' என்றுதான். அந்த வீட்டில் மாத்திரையையும் பணத்தையும் விட்டு வேறொன்றுக்காக அவர்கள் சண்டை போட்டு நான் கேட்டது அதுவே முதல் தடவை.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 8,500-க்கும் அதிகமானோரை 25 ஆண்டு வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2018-ல் வந்தது. உடற்பயிற்சி இல்லாதவர்களைவிட பாட்மிண்டன் ஆடுகிறவர்களின் ஆயுள் 6.2 ஆண்டு கூடுதலாக இருந்தது. தனியாக ஓடுகிறவர்களுக்கு அது 3.2. ஆட்களோடு சேர்ந்து ஆடுவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆடியதால்தான் ஆயுள் கூடியது என்று இது நிரூபிக்கவில்லை, ஆட வசதியுள்ளவர்கள் வேறு வகையிலும் நலமாக இருந்திருக்கலாம். ஆனாலும் தனி ஓட்டத்துக்கும் கூட்டு ஆட்டத்துக்கும் உள்ள இடைவெளி என்னை யோசிக்க வைத்தது.

தொடங்க எண்ணுகிறவர்களுக்கு நான் பார்த்துக் கற்றதைச் சொல்கிறேன். முதல் நாளே ஹாலுக்குக் கூட்டிப்போக வேண்டாம். தகரக் கூரை போட்ட உள்ளரங்கில் ஒரு ஸ்மாஷ் சத்தம் எதிரொலிக்கும் விதமும், இரும்புக் கதவு படாரென்று சாத்துவதும் சிலருக்குத் தாங்காது. முற்றம் நல்லது. ஹாலுக்குப் போகும்போது கதவைப் பார்க்கும் பக்கம் எது என்று கேட்டு அதை அவருக்கு விட்டுவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் வாசல் இருந்தால் அவர் கவனம் ஆட்டத்தில் இருக்காது. பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாக இருக்கலாம், ஸ்கோரை விரலில் காட்டினால் போதும். ஒரு கண் பார்வை போனவருக்குத் தூரம் பிடிபடாது, வெள்ளைச் சுவருக்கு எதிரே வெள்ளை ஷட்டில் மறைந்துவிடும். மஞ்சள் நைலான் ஷட்டில் வாங்குங்கள். ஒரு கைதான் என்றால் ஷட்டிலை ராக்கெட் மேலேயே வைத்துத் தூக்கிப் போட்டு சர்வீஸ் போடலாம். சியாச்சினில் உறைகுளிர் தாக்கி விரல்களை இழந்தவருக்குப் பிடி நழுவும், கைப்பிடியில் கிரிப்பை இரண்டு மூன்று சுற்றுக் கூட்டிச் சுற்றித் தடிமனாக்கினால் நிற்கும்.

எல்லாரும் உட்கார்ந்து ஆடுவது எனக்கு மிகப் பிடித்த முறை. கை வைக்காத மரச் சேர்கள் நான்கு, நடுவில் தாழக் கட்டிய கயிறு. ராக்கெட் வேண்டாம் என்றால் பலூனும் உள்ளங்கையும் போதும். அப்போது கால் இல்லாததற்கு அந்த வட்டத்தில் அர்த்தமே இல்லாமல் போகிறது. பிள்ளைகள் சிரித்துச் சிரித்துச் சேரோடு சாய்வார்கள், தரையில் சறுக்காத சேராகப் பார்த்துப் போடுங்கள். ஆஸ்பத்திரியில் தரும் சாதாரணச் சக்கர நாற்காலியில் வேகமாக ஆடக் கூடாது. ஆட்டத்துக்கான நாற்காலியில் சக்கரங்கள் கீழே அகன்று சரிந்திருக்கும், பின்னால் சாய்ந்து விழாமல் தடுக்க ஒரு சிறு சக்கரம் இருக்கும், இடுப்பைப் பட்டையால் கட்டியிருப்பார்கள். தலைக்கு மேலே வரும் ஷட்டிலுக்குப் பின்னால் சாய்ந்து அடிப்பதுதான் சக்கர நாற்காலி ஷட்டிலின் உயிர். அந்தப் பின்சக்கரம் இல்லாத நாற்காலி அங்கேதான் மல்லாக்க விழும்.

மலைக்கென்று சில விஷயங்கள் உண்டு. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. குளிரைக் கணக்கில் சேர்த்தாலும் குன்னூர்க் காற்று சென்னைக் காற்றைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெல்லியது. இழுத்துப் பிடிக்கக் காற்று குறைவு என்பதால் ஷட்டில் இங்கே தூரம் போகும். சென்னையிலிருந்து உறவினர் வாங்கி வந்த டப்பாவை வைத்து ஆடினால் எல்லாம் பின்கோட்டைத் தாண்டி விழும், நாற்காலியில் இருப்பவர் நாள் முழுக்கப் பின்னாலேயே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். இறகு ஷட்டிலில் 75, 76 என்று எண் போட்ட மெதுவான வகையைக் கேளுங்கள். நைலானில் பச்சைப் பட்டை போட்டது மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். இங்கே பச்சைதான் சரி.

குளிர் இன்னும் முக்கியம். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் வெட்டுப்பட்ட கால்முனை சுருங்கும், செயற்கைக் கால் தளரும், தோல் உரசிப் புண்ணாகும். காலுறையை ஓர் அடுக்குக் கூட்டிப் போட்டு, ஆட்டத்துக்கு நடுவில் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்து, அழுத்தினாலும் மாறாமல் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. முதுகுத்தண்டு மேல்பகுதியில் அடிபட்டவர்களின் உடலுக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் குறைவு. நமக்குச் சுகமான மலைக்குளிர் அவர்களுக்கு ஆபத்தாகலாம். அவர்களுக்குத் திடீரெனத் தலைவலியும் முகச் சிவப்பும் வியர்வையும் வந்தால், ரத்த அழுத்தம் கட்டுமீறி ஏறுவதன் அடையாளமாக இருக்கலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான பட்டையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சக்கர நாற்காலியை நாள் முழுக்கத் தள்ளுகிற தோள் ஏற்கெனவே களைத்த தோள். தொடக்கத்தில் வாரம் இரண்டு நாள், இருபது நிமிஷம் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஷட்டில் மருத்துவத்துக்குத் துணை நிற்கும், மருத்துவத்தின் இடத்தில் நிற்காது. இரவெல்லாம் தூக்கமில்லை, குடி நிற்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் ராக்கெட்டைத் தேடாதீர்கள், மருத்துவரைத் தேடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண் அது, எந்த நேரத்திலும் அழைக்கலாம், காசு இல்லை, தமிழில் பேசலாம். முன்னாள் படைவீரர்களின் மருத்துவத்துக்காக 2003-ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டத்தில் கார்டு உள்ளவர்கள் அதன் பாலிகிளினிக் வழியாக மனநல மருத்துவரையும் பார்க்க முடியும், கால் கைக்கு மட்டுமான கார்டு அல்ல அது. வீட்டுக்காரர் வர மறுத்தால் மனைவி தனக்காகப் போகலாம். அவளுக்கும் தூக்கம் போயிருக்கிறது.

வராமலே போனவர்களின் வீடுகளையும் நான் இதில் சேர்க்கிறேன். 'வீர நாரி' என்று மேடையில் அழைத்துச் சால்வை போர்த்தப்படும் பெண்கள், மறுநாள் காலையில் ஒற்றை ஆளாகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். விதவை சிரித்து விளையாடினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இன்னும் இருக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. படைவீரர் குடும்பங்கள் சேர்ந்து ஆடும் இடத்தில் அந்தப் பயம் கொஞ்சம் தளரும். அங்கே யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இனி இடம். நீலகிரியில் காயம்பட்டவரை வீட்டுக்குள் கட்டிப்போடுவதில் படிகளுக்குப் பெரிய பங்கு. குன்னூரில் தெருவிலிருந்து வீட்டுக்கு இறங்க நாற்பது படி, மேல் வீட்டுக்கு ஏற இன்னும் முப்பது. ஹட்டி எனும் படுகர் ஊர்களில் வீடுகள் வரிசையாகச் சமதளத்தில் இருந்தாலும் அங்கிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குச் சரிவு. சக்கர நாற்காலி அரசு கொடுத்துவிடுகிறது, அதை உருட்டத் தரை யார் தருவது? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஊட்டியில் இருக்கிறது. குன்னூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ அங்கே போய் வருவதே ஒருவருக்கு ஒரு நாள். அதனால்தான் மாவட்டத் தலைநகரில் பெரிய அரங்கம் ஒன்று இருப்பதைவிட, ஊருக்கு ஊர் இருக்கும் சமுதாயக் கூடம், பள்ளி ஹால், சர்ச் ஹால் இவற்றில் வாரம் இரண்டு மாலை கிடைப்பது மேல் என்று நினைக்கிறேன். மழை பிடித்துக்கொள்ளும் ஐப்பசி கார்த்திகையில் முற்றம் உதவாது, கூரை வேண்டும். வலை, இரண்டு கம்பம், தரையில் ஒட்டும் டேப் இருந்தால் கோர்ட் ரெடி. பாதிக் கோர்ட்டைக் காட்ட நடுவில் ஒரு டேப் கூடுதல்.

எங்கள் பக்கத்துச் சமுதாயக் கூடத்துக்கு வாசலில் மூன்று படி. ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். சித்தப்பா செயற்கைக் காலோடு கம்பியைப் பிடித்து ஏறிவிடுகிறார். கீழத் தெருவில் முதுகில் அடிபட்டு நாற்காலியில் இருக்கும் இன்னொருவர் இருக்கிறார், அவர் மகன் எங்களோடு ஆடுகிறான், அவர் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். இரண்டு பேர் தூக்கி உள்ளே வைக்கிறோம் என்றோம், வேண்டாம் என்றுவிட்டார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சக்கர நாற்காலிச் சரிவுப் பாதைக்குக் கணக்கு, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்று படிக்குப் பதினெட்டு அடி. போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் நானும் டேப் பிடித்து அளந்தோம். சுவரை ஒட்டி வளைத்துக் கொண்டுபோனால் இருபத்தோரு அடி இருக்கிறது. கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. மழை விட்டதும் வருகிறேன் என்றிருக்கிறார்.